தாய்ச்செடியின் பெயர்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கள்ளி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவோரம் பிரம்பு நாற்காலியில், கள்ளிச் சங்கத்தின் செயலாளர் வீப்கே. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய நண்பன் யோகிம். மேசைக்கு முன்னால் அந்த வீட்டின் சொந்தக்காரர் ஓட்மார். மீதமிருந்த மடக்கு நாற்காலி சங்கத் தோழி ஹெட்விக் வழக்கமாக உட்காருவது; அவள் பிப்ரவரியில் இறந்துபோனாள். அதைக் காலையில்தான் மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார் ஓட்மார். இப்போது அது விரிந்து, அவரைப் பார்த்தபடி இருந்தது.

யோகிம் விரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மேசையில், பூந்தொட்டிக் கள்ளி ஒன்றில் அந்தப் பூ. வெள்ளை இதழ், விளிம்பில் மட்டும் காய்ச்சல் கண்ட உதட்டின் சிவப்பு. பத்தொன்பது வருஷம் கலப்பினம் செய்து ஹெட்விக் வரவழைத்த நிறம். ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "ஹீட்டரை மட்டும் பாத்துக்கோ ஓட்மார்" என்று தன் கண்ணாடி வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவர் அந்த நிறம் பூக்கும் செடியிலிருந்து, பக்கத்தில் முளைத்த ஒரு குட்டியை வெட்டி எடுத்தார். வெட்டும்போது முள் ஒன்று மணிக்கட்டில் ஒடிந்து தங்கிவிட்டது. பிறகு ஹீட்டரை அணைத்தார். உறைந்த நானூறு கள்ளிகளும் பனி இளகியதும் கூழாகிச் சரிந்தன. சேதி கேட்ட ஹெட்விக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

ஹீட்டர் பழுது என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

பூவில் எலுமிச்சை வாசனை வரவேண்டும். அழுகிய கள்ளியின் புளித்த நெடிதான் வந்தது. மற்ற இருவருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

"உருவாக்கியவர் ஓட்மார்னு போட்டாச்சு. தாய்ச்செடி, தந்தைச்செடி காலியா இருக்கே?" என்றாள் வீப்கே, புது ரகத்துக்கான பதிவுப் படிவத்தைத் தட்டி.

"அப்பன் ஆத்தா பேர் தெரியாத பிள்ளையவாடா கூட்டிட்டு வந்திருக்கே?" யோகிம் வாய் நிறைய கேக்கோடு சிரித்தான்.

"அது இல்லாம பதிவு கிடையாது. லேபிளைப் பாருங்களேன்" என்றாள் வீப்கே.

பூந்தொட்டியில் அவர் செருகியது வெற்று லேபிள். உருவினார். பென்சில் எழுத்து. இடப்பக்கம் சாய்ந்த, ஹெட்விக்கின் எழுத்து.

தாய்: ஓட்மார். தந்தை: பனி. உருவாக்கியவர்: ஹெட்விக்.

மணிக்கட்டு அரித்தது. சட்டைக் கைக்குள் விரலை விட்டார். முள் ஒடிந்த இடத்தில் மெத்தென்று ஏதோ. சாம்பல் நிறப் பஞ்சு. கள்ளி மொட்டு விடும்போது முதலில் வருமே, அதே பஞ்சு.

"எழுதுங்க ஓட்மார், தபால் எடுக்கிற நேரமாச்சு."

ஏதாவது இரண்டு பெயர். பொய்ப் பெயர் போதும். பேனாவை எடுத்தார். கை எழுதியது. எழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. லேபிளில் இருந்ததே, வரி மாறாமல். உருவாக்கியவர் இடத்தில் இருந்த அவர் பெயரை அடித்துவிட்டு, மேலே ஹெட்விக் என்று எழுதியது. கிழிக்கப் பார்த்தார். விரல்கள் மடித்தன. உறைக்குள் போட்டன.

ஒட்டுவதற்கு நாக்கை வைத்தார். நாக்கு உலர்ந்திருந்தது. நாக்கிலும் பஞ்சு.

"குடு, நான் போட்டுடறேன்." யோகிம் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

கத்த வேண்டும். வாய்க்குள் ஒன்று பருத்தது. பற்களைத் தள்ளியது. காலி நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்ததுபோல.

தெரு முனையில் மஞ்சள் தபால் பெட்டியின் மூடி கடகடத்து விழுந்தது. ஓட்மாரின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. வெள்ளை. விளிம்பில் சிவப்பு.