தொட்டி வாயில் நின்றவள்

வேல்சாமி மேலே வந்துவிட்டான். கயிறு வரவில்லை.

பழைய பாய்லர் ஷெட்டின் ஓரத்தில், சாரல் படாத இடமாகப் பார்த்து நின்று, செல்போனை வெறுமனே தள்ளிக்கொண்டிருந்த குழல்வாய்மொழி நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். தொட்டிக்கு இந்தப் பக்கம், பெயர்த்துப் போட்டிருந்த குழாய் ஒன்றின்மேல் அவன் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் இடுப்பில் கட்டி இறக்கிய கயிறு அவன் இடுப்பில் இல்லை. தொட்டியின் மேன்ஹோலுக்கு மேல் நிறுத்திய இரும்பு முக்காலியிலிருந்து நேராக உள்ளே இறங்கி, நிறைவாளி தொங்கும் கிணற்றுக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. லேசாக நடுங்கவும் செய்தது.

அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறியிருப்பான், நுனி எங்கேயாவது மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் ஷெட்டை விட்டு உடனே நகரவில்லை. நகர்ந்தால், இவ்வளவு நேரமும் தான் தொட்டி வாயருகில் இல்லை என்பதை அவன் பார்த்துவிடுவான்.

செங்கோட்டையிலிருந்து புளியறைக்குப் போகும் ரோட்டை ஒட்டி, தவிட்டிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆலை அது. மூடிப் பல வருஷமாயிற்று. தகரமெல்லாம் துருவேறி, கூரை வழியாக அரசமரம் முளைத்து, மழை பெய்தால் இன்றைக்கும் சிக்குப்பிடித்த தவிட்டு வாடை கிளம்பும். அதை இடித்துத் தரைமட்டமாக்க ஸ்டான்லி காண்டிராக்ட் எடுத்திருந்தார். யாரும் தீயில் மாட்டாமல், உயரத்திலிருந்து விழாமல், மூச்சுமுட்டிச் சாகாமல் அந்த வேலை முடியவேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் தென்காசியிலிருந்து குழல்வாய்மொழி தினமும் வந்தாள். மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் விசில். அவள் விசிலடித்தால் கிரேன்கூட நிற்கும். அந்தப் பொம்பளைக்குத் தைரியம் ஜாஸ்தி என்று ஆட்கள் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

அந்தத் தைரியசாலிக்கு ஒரு மேன்ஹோலுக்குள் குனிந்து பார்க்க முடியாது என்பது யாருக்கும் தெரியாது. குனிந்தால் இருட்டு மேலே ஏறிவந்து முகத்தைப் பொத்துவது போலிருக்கும். இத்தனை வருஷ சர்வீஸில் எந்தத் தொட்டிக்குள்ளும் அவள் தலையை விட்டதில்லை. யாரையாவது பார்க்கச் சொல்லிவிடுவாள்.

இன்றைக்குத் திறந்தது தரைக்கடியில் புதைத்த தொட்டி. தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிற சால்வென்ட்டை அதில்தான் சேர்த்துவைத்திருந்தார்கள். பெட்ரோல் மாதிரிச் சரக்கு. அதன் ஆவி காற்றைவிடக் கனம். தொட்டியின் வாயருகில் ஒன்றும் தெரியாது, அடியில் போய்ப் படுத்துக் கிடக்கும். அதனால் ஆவியை அளக்கிற மீட்டரின் குழாயை அடிவரைக்கும் இறக்கிப் பார்க்கவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். காலையில் அவள் தள்ளி நின்றபடி கையை நீட்டி, மீட்டரை மேன்ஹோல் வாயருகிலேயே பிடித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, இறங்கலாம்" என்றாள்.

வேல்சாமி ஹெல்மெட் லைட்டைப் போட்டுக்கொண்டு, பொறி பறக்காத பித்தளை மண்வாரியோடு அடிச்சகதியை அள்ள இறங்கினான். மதியம் நெருங்கியதும், தொட்டி வாயருகில் காவலுக்கு நின்ற பீர் மைதீன், தலையில் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வந்திருதேன் மேடம். ஆளு உள்ள கெடக்கான், யாராச்சும் இங்கன நிக்கணும்லா?"

"நான் நிக்கேன் பாய். நீங்க போயிட்டு வாங்க."

நின்றாள். கொஞ்ச நேரம். பிறகு அந்த வட்டத்துக்குள்ளிருந்து வாடை ஏறி வந்தது. ஒரு நிமிஷம் என்று நினைத்துத்தான் ஷெட்டுக்கு நகர்ந்தாள்.

இப்போது அவனிடம் நடந்தாள்.

"வேல்சாமி, எப்பம் மேல வந்தீங்க?"

"இப்பத்தான் மேடம்."

"ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்லா?"

"நீங்க இங்கனயேதான நின்னிய."

அவள் முகத்தில் சுள்ளென்று சூடேறியது. குத்திக்காட்டுகிறானா? அவன் முகத்தில் கேலி இல்லை. கேலி மட்டுமில்லை, களைப்போ குளிரோ எதுவுமே இல்லை.

"உள்ள எப்படி இருந்துச்சு? தல கில சுத்துச்சா?"

"எல்லாம் சரியா இருக்கு மேடம்."

மூச்சு இறங்கிற்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தோம் என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கூடவே ஒரு கூச்சம். அவள் பிழைப்பை ஒருவன் தன் மூச்சை வைத்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான்.

அதனால்தானோ என்னவோ, அவன் கால்களை அவள் தாமதமாகப் பார்த்தாள். கம்பூட்ஸோடு இறங்கியவன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். முழங்கால் அளவு சகதிக்குள் நின்ற கால்கள் கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினது போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மண்வாரி பக்கத்தில் இல்லை. ஹெல்மெட் இல்லை. சாரல் அவன் முகத்தில் விழுந்து, வழியாமல், எண்ணெய்ச் சட்டியில் தெளித்த நீர் மாதிரி முத்துமுத்தாக நின்றது. அவன் ஒரு தடவைகூடக் கண்ணை இமைக்கவில்லை.

டொக்.

தரைக்கடியிலிருந்து வந்தது. மெத்தென்ற சத்தம். பித்தளை இரும்பில் படுகிற சத்தம்.

"என்ன அது?"

"இரும்பு மேடம். மழ பட்டுக் குளுந்தா அப்படித்தான் சத்தம் போடும்."

ஆமாம், போடும். அவளே எத்தனையோ பேருக்கு அப்படி விளக்கம் சொல்லியிருக்கிறாள். இரும்பு குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் முறியும் ஓசை வரும். ஆனால் இரும்பு விட்டு விட்டுத் தட்டாது. யாராவது கேட்கிறார்களா என்று நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி தட்டாது.

ஆலையின் மறுபக்கம் பிரேக்கர் மெஷின் கான்கிரீட்டைக் குடைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலோடு ஸ்டான்லியின் ஜீப்பும் உள்ளே வந்து நின்றது. அவர் இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மேடம், சகதி அள்ளியாச்சா? ரோட்டை ஒட்டிக் கெடக்க தொட்டி, பிடுங்க முடியாது. நாளைக்குக் காலைல மணல் லாரி வருது. நீங்க சரின்னு சொன்னா அப்படியே ரொப்பி மூடிரலாம்."

இப்போது சொல்லலாம். சார், கயிறு இன்னும் இழுபட்டு நிக்குது. சார், நான் அங்கே நிக்கல. சார், கொஞ்சம் வந்து உள்ளே பாருங்க. மூன்றாவதைச் சொன்னால் இரண்டாவதையும் சொல்லவேண்டி வரும்.

"ஆச்சு சார்," என்றாள்.

ஸ்டான்லி குழாயின்மேல் இருந்தவனைப் பார்த்தார். "ஏலே வேல்சாமி, காஞ்ச துணிய மாத்துலே. சளி பிடிச்சு நாளைக்கு லீவு போட்டிராத."

"சரிங்க சார்."

ஜீப் போய்விட்டது. சாப்பாட்டு நேரம், பிரேக்கரும் நின்றது. ஈரத்தகரத்தில் சாரல் விழும் சத்தமும், ரோட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் கியர் மாற்றும் உறுமலும், எங்கோ குற்றாலத்துக்குப் போகிற வேன் ஒன்றின் பாட்டும் மட்டும்தான். அவை எல்லாவற்றுக்கும் அடியில், மிகவும் மெதுவாக:

"மேடம்."

அவள் குழாயைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது.

"மேடம்... அங்கன இருக்கியளா?"

வேல்சாமியின் குரல். உருளைக்குள் சுற்றிச் சுற்றி ஏறி வந்த குரல். குழறிய குரல். அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. மேலே மேடம் நிற்கிறாள் என்ற நம்பிக்கையோடு கூப்பிடுகிற குரல்.

கால் நகர்ந்தது. தானாக நகர்ந்தது. முக்காலி வரைக்கும் போனாள். கயிற்றைத் தொட்டாள். மறுமுனையில் யாரோ இழுத்தார்கள். பலமில்லாத இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு.

மண்டியிட்டாள். குனிந்தாள்.

இருட்டு. வாடை. வெகு கீழே ஒரு மஞ்சள் வெளிச்சம்.

ஹெல்மெட் லைட்.

தொட்டிச் சுவரில் சாய்ந்து, சகதியில் இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்திருந்தான் வேல்சாமி. இடுப்பில் கயிறு. கையில் மண்வாரி. நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. அண்ணாந்த முகத்தில் கண் சொருகியிருந்தது. வட்டத்தில் ஒரு தலை முளைத்ததும் அவன் உதடு சிரிக்கப் பார்த்தது.

"மேடம்... வந்துட்டியளா... மேல தூக்குங்க..."

அவள் விசிலைத் தேடினாள். விரலில் அகப்பட்டது. வாய்வரை கொண்டுபோனாள்.

முதுகுக்குப் பின்னால் ஈரக்கால்கள் வந்து நின்றன. மூச்சு விடுகிற சத்தம் இல்லை. தவிட்டு வாடை.

"மூடிரலாமா மேடம்?"

அதே குரல். அன்பான, பதறாத குரல்.

விசிலடித்தால் எல்லாரும் வருவார்கள். தூக்குவார்கள். அவன் பிழைக்கலாம். பிழைத்தால் சொல்லுவான். கூப்பிட்டேன், யாரும் இல்லை. பிழைக்காவிட்டால் ஊரே கேட்கும். மீட்டரை எங்கே பிடித்தாய்? காவலுக்கு யார் நின்றது? அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் வந்து கேட்பாள். ஆனால் இதோ, பின்னால், ஒரு வேல்சாமி நிற்கிறான். இரண்டு காலில். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லுகிறவன். இவன் இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

விசில் வாயிலிருந்து நழுவிக் கழுத்தில் விழுந்தது.

அவள் எழுந்து தள்ளி நின்றாள். தலையை ஆட்டினாளா? ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள்.

அது இரும்பு மூடியை ஒற்றைக் கையால் இழுத்தது. நாலு ஆள் சேர்ந்து நகர்த்திய மூடி. கரகரவென்று நகர்ந்தது. கீழேயிருந்து வந்த மஞ்சள் வெளிச்சம் அரைவட்டமானது. பிறையானது. கோடானது.

"மேடம்?" என்றது கோடு.

பிறகு இல்லை.

பீர் மைதீன் தொழுகை முடித்து வரும்போது மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கயிற்றை அவர் பார்த்தார்.

"என்னலே, கயித்த உள்ளயே விட்டு மூடிட்ட?"

"இத்துப்போன கயிறுதான் பாய்," என்றது அது. "மணலோட போவட்டும்."

"தனியாவா கெடந்த? நான் மனசே கேக்காமத்தான் போனேன்."

"மேடம் இருந்தாவல்லா. வாய விட்டு நகரவே இல்ல."

பீர் மைதீன் அவள் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்துத் தலைதாழ்த்தினார். அவளுக்கு நிற்கிற இடத்தில் நிற்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தத் தலைதாழ்த்தலை வாங்கிக்கொள்ள உடம்பில் இடமில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். "பரவாயில்ல பாய்" என்றுகூடச் சொன்னாள்.

வேலை முடிகிற நேரத்தில் தங்கபுஷ்பம் வந்தாள். குற்றாலம் ஐந்தருவியில் சீசன் பழக்கடை போட்டிருப்பவள். ஷேர் ஆட்டோவில் வந்து ஆலை வாசலில் இறங்கி, புருஷனோடு சேர்ந்து டிவிஎஸ் வண்டியில் வீட்டுக்குப் போவது அவள் வழக்கம். இன்றைக்கு நேராகக் குழல்வாய்மொழியிடம் வந்து, ஒரு பையை அவள் கையில் திணித்தாள். மங்குஸ்தான்.

"விக்காம மிஞ்சினது இல்ல யக்கா, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். இவுக இன்னைக்குத் தொட்டிக்குள்ள எறங்குதாகன்னு காலைலயிருந்து எனக்கு வயித்தக் கலக்கிட்டே இருந்துச்சு. அந்த யக்கா மேல நிக்காவள்லா, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிடு. இப்போதாவது. இன்னும் மூச்சு இருக்கலாம். மூடியை நகர்த்த நாலு ஆள் இருக்கிறார்கள்.

"பாத்துப் போங்க," என்றாள் குழல்வாய்மொழி. "ரோடு வழுக்கும்."

அது வண்டியில் ஏறி உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் பின்னால் ஏறி, சேலையைச் செருகிக்கொண்டாள். "ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கிய?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டே, வலது கையை அவன் வயிற்றைச் சுற்றிப் போட்டாள்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பியபோது குழல்வாய்மொழிக்கு அவர்கள் பக்கவாட்டில் தெரிந்தார்கள். தங்கபுஷ்பத்தின் கை சட்டையின்மேல் நிற்கவில்லை. பிசைந்து வைத்த தவிட்டில் பதிகிற மாதிரி மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. வளையல் உள்ளே போயிருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏற, இன்னும் கொஞ்சம் போனது. அவளுக்கு அது தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி, இன்னொரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

குழல்வாய்மொழியும் கையைத் தூக்கி ஆட்டினாள்.