துரையின் தொட்டி

விளக்கை அணைத்துப் பல நாளாகியும் கண்ணாடித் தொட்டி சூடாக இருந்தது.

தூசி துடைக்கப் போன பெரியவள் துணியும் கையுமாக அப்படியே நின்றாள். மழைக்காலத்துச் சாயங்காலம். சுவர், தரை, கட்டில் கம்பி எல்லாம் சில்லிட்டுக் கிடந்த அந்த அறையில் கண்ணாடி மட்டும், காய்ச்சல்காரர் நெற்றியைப் போல, உள்ளங்கையில் சுட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஆவி பறக்கும் விரிப்புகளை மடித்து மடித்துக் கை மரத்துப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறு கையால் தொட்டாள். அதுவும் சுட்டது.

தொட்டி அவள் தங்கையுடையது. புருஷனோடு ஒத்துப்போகாமல் சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு பெட்டித் துணியும், மணல் நிரப்பிய இந்தத் தொட்டியும், அதற்குள் ஒரு பாலைவனப் பல்லியும்தான் கொண்டுவந்தாள். முழங்கை நீளம், முள் முள்ளாகத் தோல், யாரையும் சட்டை செய்யாத பார்வை. அதனால் துரை என்று பெயர். துரைக்குப் பகல் முழுக்கச் சூட்டு விளக்கு எரிய வேண்டும்; கீரையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும்; வெட்டுக்கிளி உயிரோடு வேண்டும். வேலை முடிந்து பெரியவள் ஈரக்காலோடு வீட்டுக்குள் நுழையும்போது, தங்கை அந்தப் பல்லியை மார்பில் போட்டுக்கொண்டு விளக்கடியில் சுகமாகப் படுத்திருப்பாள். இதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா அக்கா, என்பாள். உனக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று பெரியவள் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மனதுக்குள்ளேயே கேட்டுக் கேட்டு அது கசந்து போயிருந்தது.

காய்ச்சலில் கிடந்த சின்னவள் ஒரு குளிர்ந்த காலையில் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்து, கை கால் விறைத்துக் கிடந்தாள். வந்த டாக்டர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மழை வலுப்பதற்குள் மரப்பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணிவிடலாம் என்று எல்லாரையும் அவசரப்படுத்தியது பெரியவள்தான்.

திரும்பி வந்தபோது துரை விளக்கின் கீழே கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

"இனிமே நீயும் குளிர்ல கிட" என்றாள்.

சில நாளில் அது கட்டையாக விறைத்திருந்தது. பழந்துணியில் சுற்றிக் குப்பை லாரியில் வீசினாள். அழுகை வரவில்லை. தங்கை செத்தபோதும் வந்திருக்கவில்லை.

இப்போது அந்தக் காலித் தொட்டிதான் சுட்டது. குனிந்து பார்த்தாள். வெளிர் மஞ்சள் மணலின் நடுவே கறுப்பாக, ஈரமாக, ஒரு திட்டு. அந்த நிற மண் இந்த வீட்டில் எங்கும் கிடையாது. மழையில் தோண்டிய மண்ணின் வாசனை. அதற்கு அடியில் நனைந்த மரப்பலகையின் வாசனை.

போன் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. துரையை வழக்கமாகப் பரிசோதிக்கும் கால்நடை மருத்துவர். சின்னவளின் நம்பருக்குப் போட்டால் எடுப்பதில்லையே, பல்லியை எப்போது கொண்டுவருவீர்கள் என்று விசாரித்தார். இரண்டு பேரும் இல்லை என்று பெரியவள் சொன்னாள். அவர், பல்லிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். விளக்கை நிறுத்திவிட்டேன், விறைத்துவிட்டது என்றாள்.

"அப்போ அது செத்தே இருக்காதுங்க" என்றார் அவர். "குளிர் பட்டா கட்டை மாதிரி ஆயிடும். மூச்சு இருக்கிறதே தெரியாது. செத்துடுச்சுன்னு நினைச்சு நிறைய பேரு புதைச்சிடறாங்க. கொஞ்சம் சூடு காட்டினா போதும், எழுந்துடும்."

அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள்.

அன்றைக்கு வந்த டாக்டர் தங்கையின் மணிக்கட்டைத்தான் பார்த்தார். நெஞ்சில் கை வைக்கவில்லை.

தானும் வைக்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை மங்கியது. தொட்டிக்குள்ளே சரசரவென்று ஒரு சத்தம், மணல் மணலாகச் சரிகிற சத்தம், நின்று, மறுபடி தொடங்கி, நின்றது. ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. கால் நகரவில்லை. கை மட்டும் நகர்ந்தது. எதற்கென்று தெரியாமலே ஸ்விட்சைப் போட்டது.

மஞ்சள் வெளிச்சம்.

அந்தக் கறுப்புத் திட்டு மேலே எழும்பியது. தணிந்தது. மறுபடி எழும்பியது.

ஒரு சாண் ஆழம்கூட இல்லாத மணல்.

முதலில் ஒரு விரல் நுனி வந்தது. நகம் பிய்ந்திருந்தது. அடுத்த விரல். அதிலும் நகம் இல்லை. விரல் இடுக்கில் மரச் சிராய்கள். பிறகு மணிக்கட்டு வரை வெளியே வந்த அந்தப் பெண் கை, விளக்குக்கு நேராக உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல் குளிர்காய்ந்தது.

வெகுநேரம்.

உள்ளங்கை காய்ந்ததும், மெதுவாகப் புரண்டு, மறுபக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டியது.