கேட்பான்கள் கொடுத்த வாக்கு

செண்பகவடிவு வானொலியில் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் பாராட்டுகள் வந்து குவிந்துவிட்டன. ‘அருமை’, ‘கண் கலங்கிவிட்டது’, ‘ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டிய கதை’. கதை இன்னும் தொடங்கவே இல்லை.

செவ்வாய்க் கோளின் மேலக்குமிழ் குடியிருப்பில் இதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான். அங்கே வீட்டுக்கு ஒரு கேட்பான் உண்டு. தேங்காய் அளவில் ஓர் உருண்டை, அதற்கு மூன்று கால்கள், நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. அரை மணி நேர ஒலிக்கதையை ஒரே நொடியில் கேட்டு முடித்துப் பாராட்டும் எழுதிவிடும். மனிதர்களுக்குப் பேச நேரம் இருந்தது, கேட்கத்தான் நேரம் இல்லை. அதனால் கூட்டம், கல்யாணம், துக்கம், மச்சினரின் புலம்பல் என்று எல்லாவற்றுக்கும் கேட்பானை அனுப்பினார்கள். அது போய் உட்கார்ந்து விளக்கை மினுக்கி, சரியான இடம் பார்த்து ‘அடப்பாவமே’ என்று சொல்லும். அது கேட்டால் உரிமையாளர் கேட்டதாகவும், அது ஓர் இடத்தில் இருந்தால் அவரே இருந்ததாகவும் அர்த்தம் என்று சட்டமே இருந்தது.

முதலில் வந்த கேட்பான்கள் உண்மை பேசின. விசேஷத்துக்கு யார் அழைத்தாலும் ‘எங்கள் வீட்டில் யாருக்கும் வர விருப்பமில்லை’ என்று பதில் சொல்லிவிட்டன. ஒரே மாதத்தில் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். மேலக்குமிழ்க்காரர்கள் தாமிரபரணிக் கரையிலிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்களின் வாரிசுகள். ‘கண்டிப்பா வந்துருதோம்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். தயாரித்தவர்கள் தப்பைப் புரிந்துகொண்டு கேட்பானுக்குள் ‘மரியாதைச் செயலி’ ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் கேட்பான் ‘கண்டிப்பா’ என்றது. ஊரில் அமைதி திரும்பியது.

வடிவு பல வருடங்களாக ஒலிக்கதைகள் செய்துவந்தாள். தெருச் சண்டைகள், வேலை கிடைக்காத இளைஞர்கள், குழந்தைகளின் படிப்பு என்று ஒலிவாங்கியும் கையுமாக அலைந்து பதிவு செய்வாள். யாருமே கேட்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். பாராட்டுகளைப் படிக்கவும் அவள் வீட்டுக் கேட்பான் இருந்ததால் அவ்வளவாக வலிக்கவில்லை.

ஆனால் இந்த வாரக் கதை அப்படி விட்டுவிடக் கூடியதாக இல்லை. குடியிருப்பின் ஒரே பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள். பின்கழுத்தில் பாடச்சில்லு பொருத்திக்கொண்டு பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கும் காலம். நாற்பது இருக்கைகள் உள்ள வகுப்பில் நான்கு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பூங்கனி, வடிவின் மகள். அவள் உடம்புக்குச் சில்லு ஒத்துக்கொள்ளாததால், பள்ளி மூடினால் பக்கத்துக் குடியிருப்பான தென்குமிழின் பள்ளி விடுதிக்கு அனுப்பவேண்டும். நடுவில் புழுதிப்புயல் வீசும் சமவெளி. வருடத்துக்கு ஒரு முறைதான் வண்டி. பத்து வயதுப் பிள்ளையை அப்படிப் பிரிந்து இருக்க வடிவால் முடியாது. பெற்ற வயிறு, அவ்வளவுதான்.

அவள் வகுப்புக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தாள். குமிழின் காற்று வெளியேறாமல் காக்கும் வாசல் காற்றுப்பூட்டுக்கு எதற்காக இரண்டு கதவுகள் என்று நான்கு பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் அருளப்பன் சார் இருமிக்கொண்டே நடுவில் புகுந்து, சண்டையைத் தீர்க்காமல் வளர்த்துவிட்டார். கதையின் கடைசியில் வடிவு நேயர்களிடம் நேரடியாகவே கேட்டாள்: ‘உங்கள் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்ப்பீர்களா?’

குடியிருப்பில் இருந்த அத்தனை கேட்பான்களும் ‘கண்டிப்பா சேத்துருதோம்’ என்று பதில் அனுப்பின.

கல்வி அலுவலகத்தில் பதிவான் என்று ஒரு பழைய இயந்திரம் கிடந்தது. அதை மாற்ற யாருக்கும் மனம் வராததால் மரியாதைச் செயலி அதற்குள் போகவே இல்லை. ‘கண்டிப்பா’ என்றால் ‘மாட்டோம்’ என்ற சூட்சுமம் அதற்கு எப்படித் தெரியும்? வந்த ஒவ்வொரு பதிலையும் சேர்க்கை மனுவாக எடுத்துக்கொண்டு, நாற்பது இடத்துக்கு நானூறு பேர் போட்டி என்று தெருத்திரைகளில் அறிவித்துவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுத் தங்கதுரை மூச்சு வாங்க வந்து நின்றார்.

“ஏ வடிவு, உன் பள்ளிக்கூடத்துக்கு நானூறு பேரு மனு போட்டுருக்காவளாமே! நம்ம பய மகிழனுக்கும் போட்டாச்சு. எடம் கிடைச்சிருமா?”

“என் கதைய கேட்டியளா அண்ணாச்சி?”

“பின்ன? அருமையா இருந்துச்சு. கண்ணு கலங்கிட்டு.”

“எந்த எடத்துல கலங்குச்சு?”

தங்கதுரை கூரையைப் பார்த்தார். “எல்லா எடத்துலயுந்தான். அத வுடு. இத்தன பேரு அடிச்சிப் புடிச்சிட்டு வாராவன்னா அங்க என்னமோ இருக்கு. அலுவலகத்துல உனக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காவளா?”

மற்ற முந்நூற்றுச் சொச்சம் பேரும் விஷயம் தெரிந்துதான் மனு போட்டிருக்கிறார்கள், தன் மனுதான் எப்படிப் போனதென்று புரியவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தார்கள். அதை வெளியே சொல்வார்களா, என்ன? அன்று சாயங்காலமே சிபாரிசுக்கு ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

பள்ளி மூடப்படாது என்று உத்தரவு வந்தது. வடிவு மகளைத் தூக்கிச் சுற்றினாள். உத்தரவின் அடுத்த வரியைப் பிறகுதான் படித்தாள். போட்டி அதிகமாக இருப்பதால் நுழைவுத் தேர்வு நடக்கும். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளும் எழுதவேண்டும்.

அந்த வாரமே மூன்று பயிற்சி நிலையங்கள் முளைத்துவிட்டன.

“எம்மா, எல்லாரும் பயிற்சிக்குப் போறாவ. நானும் போவட்டா?” என்று பூங்கனி கேட்டாள்.

“நீ பள்ளிக்கூடத்துலயே படிக்கிற பிள்ளட்டி. பள்ளிக்கூடத்துல சேர உனக்கு எதுக்குப் பயிற்சி?”

தேர்வில் நூறு கேள்விகள். மற்ற பிள்ளைகள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, கேள்வியைப் படிக்காமலேயே விடைகளைத் தட்டித் தள்ளினார்கள். பூங்கனிக்கு முதல் கேள்வியே காற்றுப்பூட்டைப் பற்றியதாக அமைந்துவிட்டது. வகுப்பில் தான் சொன்னது, அதை மற்றவர்கள் மறுத்தது, அதில் எது சரி என்று தனக்கு இப்போது தோன்றுவது எல்லாவற்றையும் பக்கம் நிறைய எழுதினாள். இரண்டாம் கேள்விக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவளோடு படித்த மற்ற மூவருக்கும் கிடைக்கவில்லை. அருளப்பன் சார் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். “தரமான பள்ளிக்குத் தரமான பிள்ளைங்க வேணும்லா சார்” என்று சிரித்தபடியே அனுப்பிவைத்தார்கள். அந்தப் பள்ளியைக் காப்பாற்றிய பெண்ணின் மகளுக்கு அங்கே உட்கார ஓர் இடம் இல்லை! வடிவு ஒலிப்பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குமிழில் வெளியே சத்தம் கேட்காத அறை அது ஒன்றுதான்.

தென்குமிழ் வண்டிக்கு நாள் நெருங்கியது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கதுரை மறுபடியும் வந்தார். மகிழனுக்கு இடம் கிடைத்திருந்தது.

“மகிழன் பள்ளிக்கூடத்துக்குப் போவலியா அண்ணாச்சி?”

“அவனுக்கு எங்க நேரம்? அடுத்து கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு இருக்குல்லா. இப்பவே பயிற்சியில போட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தான். வகுப்புக்குக் கேட்பான அனுப்பிட்டாவ, சட்டப்படி செல்லும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டுல ஒரே கேட்பான். அது எனக்குப் பதிலா ஆபீஸ் கூட்டத்துக்குப் போவணும். வகுப்புல யாரும் உக்காரலன்னா எடம் போயிரும். உன் பிள்ள சும்மாதான இருக்கு? மகிழனுக்குப் பதிலா போயி உக்காரட்டும்.”

வடிவு அவரை வெறித்துப் பார்த்தாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் ஊரிலேயே இருப்பாள் என்ற நிம்மதியும் வந்துவிட்டது. மூட்டையை அவிழ்த்தாள்.

வாசலில் தங்கதுரை பூங்கனியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “கேட்பான் மாதிரி இருக்கணும், என்ன? கேள்வி கீள்வி கேட்டு மாட்டிவுட்டுறாத. மகிழன் பேரு கெட்டுப் போவும், நீயும் தென்குமிழுக்கு வண்டியேறணும்.”

வகுப்பு நிறைந்திருந்தது. அருளப்பன் சார் பணியில் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு நிறைவை அவர் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது தேங்காய்கள் வரிசையாக உட்கார்ந்து விளக்கை மினுக்கின. அவர் பெயர்களைக் கூப்பிட்டார். “மகிழன்?”

“உள்ளேன் ஐயா” என்றாள் பூங்கனி, கடைசி இருக்கையிலிருந்து.

சார் நிமிர்ந்து பார்த்தார். வருகையைக் குறித்துக்கொண்டார். பாடத்தை எடுத்தார். அவளுக்காகவே, சண்டை வரவேண்டும் என்றே, ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டார். பிறகு ஆசையோடு திரும்பினார்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்” என்றன முப்பத்தொன்பது கேட்பான்களும், ஒரே குரலில்.

பூங்கனியின் கை பாதி உயர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அம்மா நிற்பதைப் பார்த்தாள். கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

“புரிஞ்சுது சார்.”