இரஞ்சிதம் ஓட்டப் பழகிய ஜாகுவார்

ஜாகுவார் காரின் முன்கம்பிகளுக்குள் சிக்கியிருந்த மயிரை ஈரத்துணியால் இழுத்தெடுத்தபோது, இரஞ்சிதத்துக்குத் தலைக்குப் பூசும் கிறீம் மணத்தது. சவர்க்கார நுரைக்கும் பெற்றோல் வாடைக்கும் நடுவே, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் வயதான வெள்ளைக்காரர்களிடம் வருகிற அதே இனிப்பு மணம். உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். நரைத்த, மெல்லிய மயிர். அடியில் தோல் துண்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

அடிபட்டது கங்காரு என்றுதான் அவளுடைய கணவர் கேதீஸ்வரன் சொல்லியிருந்தார்.

போன ஞாயிறு பொழுதுபடும் நேரம், வெரிபீக்கு அப்பால் ஆளில்லாத மண்ரோட்டில் அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். மெல்பேர்னில் அந்த அறுபத்து மூன்றாம் ஆண்டுக் காரை வாங்கியதிலிருந்து வேறு யாரையும் அவர் அதைத் தொட விட்டதில்லை. ஒருமுறை கதவில் அவளுடைய காப்பு உரசியதற்கு, சின்னவிரலை முறியும்வரை மடக்கினார். அப்போதும் கத்தவில்லை, முகம்கூட மாறவில்லை. அப்படிப்பட்டவர் தானாகவே கார்த் திறப்பை நீட்டியபோது அவளுக்குச் சந்தோசத்தைவிடப் பயமே கூட இருந்தது.

புல்லுக்குள்ளிருந்து ஏதோ குறுக்கே வந்தது. இடித்தது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிக்கியிலிருந்து இரும்புக்கம்பியை எடுத்துக்கொண்டு அவர் காருக்குப் பின்னால் போனார். சிவப்புத் தோல் இருக்கையில் விறைத்துப்போய் இருந்தபடி, ஈரச்சாக்கில் உலக்கை விழுவதுபோல அடிகள் விழுவதைக் கேட்டாள். அடிகளுக்கு நடுவே "பிளீஸ்" என்று ஒரு குரல். காற்று என்று கிழமை முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாளித் தண்ணீரில் ஒரு நிழல் விழுந்தது. கேதீஸ்வரன் குனிந்து அவளுடைய கையிலிருந்த மயிரை எடுத்து, கைலேஞ்சியில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"நல்லது. வாரும், ஓடாட்டி பழக்கம் விட்டுப்போகும்."

மத்தியான வெயிலில் அவரே ஓட்டினார். சூடேறிய தோலின் மணமும் பளபளக்கும் மரப்பலகையில் பூசிய மெழுகின் மணமும் அவள் மூக்கில் ஏறின. வீடுகள் குறைந்து, வேலிகளும் முடிந்து, காய்ந்த புல் மட்டும் இருபுறமும் அசைந்தது. அதே இடத்தில் நிறுத்தி அவளை ஓட்டுநர் இருக்கைக்கு மாறச் சொன்னார். என்ஜினை நிறுத்தாமல், கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டு வைத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். டிக்கி திறந்து மூடுகிற சத்தம். பிறகு இலையான்கள் மொய்க்கும் இரைச்சல். திறந்த கண்ணாடி வழியே அழுகிய வாடை.

அவர் காருக்கு முன்னால் வந்து, புல்லைக் காலால் விலக்கினார். நரைத்த தலை ஒன்று கிடந்தது. பாதித் தலை. பக்கத்தில் புதிதாக வெட்டிய குழி. இரண்டு பேர் படுக்கும் அகலம்.

கேதீஸ்வரன் சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். கம்பி கையில் இருந்தது.

"இறங்கும்."

அவளுடைய கால் கிளச்சை விட்டது.

கார் பாய்ந்தது. எலும்பு முறிந்தது. முன்கண்ணாடியில் முகம் மோதி, இரத்தம் இழுபட்டு, கீழே வழுக்கி மறைந்தது. முன்சில்லு எதன்மேலோ ஏறியது. நசுக்கியது. என்ஜின் நின்றுபோனது.

இலையான்கள்கூட ஓய்ந்திருந்தன. இரஞ்சிதம் ஸ்டியரிங்கை விடவில்லை.

காருக்கு அடியிலிருந்து, சில்லுக்குக் கீழேயிருந்து, அவளுக்கு ஓட்டப் பழக்கும்போது வருகிற அதே பொறுமையான குரல் வந்தது.

"பயப்படாதேயும். ஸ்டார்ட் பண்ணி ரிவேர்ஸ் போடும்."

"ஓம்" என்றாள்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள்.