கண்மாய் வளைவில் அரை மணி நேரம்

சந்தனராஜ் விழித்துப் பார்த்தபோது அவன் கால்கள் சுட்டன.

பஸ்ஸின் கடைசி நீளச் சீட்டில் மல்லாந்து கிடந்தான். தலைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. வண்டியின் முதுகில் ஏற்றியிருந்த கரியடுப்பிலிருந்து அவிந்த கங்கின் காந்தல் வாடை வந்தது. எல்லாம் அவன் கண் மூடியபோது இருந்தபடியேதான் இருந்தன. பாதங்களைத் தவிர. படுப்பதற்கு முன் அழகம்மாளின் காப்பிக்கடையில் தண்ணீர் வாங்கிக் கால் கழுவியது நன்றாக நினைவிருந்தது. இப்போது கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. விரலிடுக்கில் இன்னும் ஈரம் காயாத களிமண்.

அந்த ரஸ்தாவில் பங்குனி மாதத்தில் ஈரக் களிமண் ஒரே ஓரிடத்தில்தான் உண்டு. கால் மைல் தெற்கே, கண்மாய் வளைவில்.

இறங்கிப் போனான். அழகம்மாள் தம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க, இந்த உச்சி வெயில்ல?"

"நானா? தூங்குனேனே."

"அங்கிட்டிருந்துதானே நடந்து வந்தீங்க? கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

அவன் காப்பியைக் குடிக்கவில்லை.

உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடின. திருச்சியிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டால், புதுக்கோட்டை வந்து, திருமயத்தை நெருங்குவதற்குள் உச்சிப்பொழுதாகிவிடும். ஐந்து மணி நேரம் ஓட்டிய டிரைவர் அரை மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அப்போதுதான் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. அழகம்மாள் கடைக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்தி, ஓய்வெடுத்ததாக ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சந்தனராஜ் அதைக் கேட்டுச் சிரித்தவன். "நான் என்ன வண்டிமாடா, அவுத்துவிட்டுத் தண்ணி காட்ட?" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னவன்.

இருபத்திரண்டு நாளுக்கு முன்பு, நோட்டில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். எதிர்க் கம்பெனி வண்டிக்கு முன்னால் திருமயம் போய்ச் சேர வேண்டும் என்கிற வீம்பைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. முதல்நாள் இரவும் சரியான தூக்கமில்லை. வளைவு கண்ணில் பட்டது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒரு சுகம். தலைக்குள் யாரோ வெந்நீர் ஊற்றியது போல ஒரு சுகம். பிறகு ஒரு சத்தம்.

"என்னண்ணே?" என்றான் கண்டக்டர் ஆவுடையப்பன், பின்னாலிருந்து.

"பள்ளம்."

கண்ணாடியில் பார்த்தான். ரஸ்தாவில் கோரைப்புல் சிதறிக் கிடந்தது. புல்லுக்கு நடுவே ஒரு கை. அவன் வண்டியை நிறுத்தவில்லை.

செத்தவள் பெயர் உண்ணாமலை என்று பிற்பாடு தெரிந்தது. பட்டாளத்து லாரி ஏதோ அடித்துப் போட்டிருக்கும் என்று ஊரே பேசியது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் நோட்டைப் புரட்டினார், கையெழுத்தைப் பார்த்தார், மூடினார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாலாம் நாள் அவள் புருஷன், பிச்சை என்பவன், சந்தனராஜைத் தேடிக்கொண்டு வந்தான். பஸ் படிக்கட்டுக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"அந்த நேரத்துக்கு நீங்கதான் அந்தப் பக்கமாப் போனீங்கன்னாக. லாரி எதையும் பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன்," என்றான் சந்தனராஜ். "பட்டாள லாரி. ரொம்ப வேகமாப் போச்சு."

பிச்சை இரண்டு கையையும் கூப்பினான். "நீங்களாச்சும் சொன்னீங்களே. நல்லாருக்கணும்."

அந்தக் கும்பிடு அவன் மேல் ஒட்டிக்கொண்டது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் அது எதிரே நின்றது. ஆவூர் மாதா கோயிலில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவன், தன் முறை வந்ததும் வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டான். கோயில் வாசலில் அவன் மனைவி பார்த்த பார்வைக்குத் தலை நிமிர முடியவில்லை.

காலில் களிமண்ணோடு விழித்ததற்கு மறுநாள், ஓய்வில் அவன் கண்ணையே மூடவில்லை. மூடவில்லை என்றுதான் நினைத்தான். எழுந்தபோது சட்டையின் முதுகெல்லாம் புழுதி. தடவிப் பார்த்தான். சரளைக்கல் பதிந்த தடங்கள், தோள் முதல் இடுப்பு வரை. ரஸ்தாவில் படுத்தவனுக்கு விழும் தடங்கள். தலைமயிரில் ஒரு கோரைத்தாள்.

ஆவுடையப்பனைத் தனியே கூப்பிட்டான்.

"நான் தூங்கையில பக்கத்துலயே இரு. எந்திரிச்சா புடிச்சுக்க."

"ஏண்ணே?"

"ஆவுடையப்பா, அன்னிக்கு அந்த வளைவுல..."

"பள்ளம்ணே," என்றான் ஆவுடையப்பன் அவசரமாக. அவன் முகம் வெளுத்திருந்தது. "நீங்கதானே சொன்னீங்க. பள்ளம்தான்." பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவனும் அன்று ரஸ்தாவில் கிடந்ததைப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் சந்தனராஜுக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் சோதனை அதிகாரி ஒருவர் காக்கித் தொப்பியோடு கடையில் காத்திருந்தார். சந்தனராஜ் இறங்கியதும் கடிகாரத்தை எடுத்தார்.

"அரை மணி. போய்ப் படு."

"தூக்கம் வரலங்கய்யா. சும்மா உக்காந்திருக்கேன்."

"ரூல் ரூல்தான். படுய்யா." பிறகு நோட்டைப் புரட்டிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "ஒரு நாள் தவறாம கையெழுத்து. இந்த ரூட்லயே ஒன்ன மாதிரி ஒழுங்கானவன் இல்ல. ஒன்னப் பத்தி மேல எழுதப்போறேன்."

உண்மை தொண்டை வரை வந்தது. அந்த நோட்டிலேயே, அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக் காட்டிவிடலாம். அழகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாராட்டைக் கேட்டுக் கூசி நிற்கிறான் என்று நினைத்து ஒருவர் சிரித்தார்.

அவன் ஏறிப் போய்ப் படுத்தான்.

தகரம் பொரிந்தது. ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்து எழுந்தது. வெளியே பேச்சுச் சத்தம் மெல்ல மெல்ல மங்கி, யாரோ கதவைச் சாத்தியது போல நின்றுபோயிற்று. கண்ணை மூடக் கூடாது. மூடக் கூடாது. தலைக்குள் அந்த வெந்நீர்.

கண்ணைத் திறந்தான்.

கூரை இல்லை. வானம். வெள்ளை வெயில். முதுகின் கீழே சரளைக்கல். பக்கத்தில் கோரைப்புல் வாசம், பச்சையாக.

எழ முயன்றான். கை வரவில்லை. கால் வரவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது.

சத்தம்.

வடக்கே, வளைவுக்கு அப்பால். கரிவண்டியின் இருமல். அவனுக்குத் தெரிந்த இருமல்.

வந்தது. புழுதியோடு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பயணிகளின் முகங்கள், ஒன்றும் ரஸ்தாவைப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஸ்டீயரிங்கில் சந்தனராஜ். அவனேதான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. முகத்தில் சுகம்.

கத்த வாயைத் திறந்தான்.

புல்லுக்குள்ளிருந்து ஈரமான கை ஒன்று வந்து அவன் வாயைப் பொத்தியது. காதோரம் ஒரு பெண்குரல், மெதுவாக, பிரியமாக.

"சத்தம் போடாதீங்க சாமி. பாவம், தூங்குறாரு."