தூங்காத வண்டி

புது பேட்டரிதான். அதுவும் விடிந்தால் செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் ஒரு 'டிக்', அவ்வளவுதான். ஒரகடத்து ஃபேக்டரியில் ரோபோக்களையே மேய்க்கிற லைன் சூப்பர்வைசர் புருஷோத்தமனுக்கு, வாசலில் நின்ற ஒரு பழைய கார் தண்ணி காட்டியது.

கைமாறி வந்த கார். எத்தனை கழுவினாலும் பின் சீட்டில் செம்பரம்பாக்கம் ஏரி வற்றும்போது அடிக்கிற அதே சேற்று வாடை. மனைவி ஷெர்லின் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு வித்துவிடச் சொன்னாள். அவன்தான் கேட்கவில்லை. நாலு வயது நிலாவை மழையில் பைக்கில் வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போக அவனுக்கு மனசு வரவில்லை.

இன்று ஷெர்லினுக்கு செகண்ட் ஷிப்ட். வானம் மூடிக்கொண்டு சாயங்காலமே இருட்டிவிட்டது. மெக்கானிக் டில்லிபாபு போனில் சொல்லச் சொல்ல, புருஷோத்தமன் பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவே, எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் மீட்டரை மாட்டினான். கதவுகளைப் பூட்டினான்.

"இப்ப சும்மா இருங்க சார். பூட்டுனா வண்டி தானா தூங்கிடும். முள்ளு சைபருக்கு வந்துடும்."

வரவில்லை. முள் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"அப்ப உள்ள எவனோ முழிச்சிகினு கீறான் சார்," என்று டில்லிபாபு சிரித்தான். "ஃபியூஸ ஒண்ணொண்ணா புடுங்குங்க. எத புடுங்குனா முள்ளு படுக்குதோ, அவன்தான்."

ரேடியோவைப் பிடுங்கினான். ஹாரனை. லைட்டை. முள் தன்பாட்டுக்கு எழுந்து விழுந்தது. பின்னால் நிலா அவன் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அந்தப் பாப்பாவுக்குத் தூக்கம் வரலையாம். பக்கத்துல யாரும் இல்லையாம்."

"சரி, நீ போய்த் தூங்க வை," என்றான், திரும்பாமலே. பிள்ளைகள் நச்சரித்தால் எல்லா அப்பாக்களும் சொல்கிற பதில்தான்.

கடைசி ஃபியூஸும் கைக்கு வந்துவிட்டது. முள் அப்போதும் எழுந்தது. காதைத் தீட்டிக் கேட்டான். முள் எழும்போதெல்லாம் பின் கதவில் ஒரு சத்தம். யாரோ உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்து இழுத்து விடுகிற சத்தம். டக். டக். நிலாவுக்காக அவனே போட்டுவைத்த சைல்டு லாக், உள்ளேயிருந்து திறக்காது.

டக்.

பிறகு இல்லை. முள் மெதுவாகச் சாய்ந்து சைபரில் படுத்தது.

"தூங்கிடுச்சுடா குட்டி!" என்று திரும்பினான்.

நிலா இல்லை. அவளுடைய செருப்பு மட்டும், பூட்டிய பின் கதவுக்குக் கீழே, ஜோடியாக.

கண்ணாடி உள்பக்கம் பனித்திருந்தது. முகத்தை ஒட்டிப் பார்த்தான். நிலா கண்மூடிச் சாய்ந்திருந்தாள். தலை எதன்மீதோ. பாவாடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"நிலா!"

சாவியிலிருந்த ரிமோட் பட்டனை அழுத்தினான். செத்த வண்டி. சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகினான். திரும்பவில்லை. ஸ்பேனரால் கண்ணாடியை அடித்தான். தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டினது போல ஒரு சத்தம். கீறல்கூட விழவில்லை.

"சார்? சார், யாரு மாட்னான்?" கீழே விழுந்த போனில் டில்லிபாபு.

உள்ளே ஒரு சின்னக் கை பனியைத் துடைத்தது. சேறு படிந்த விரல்கள். கதவின் பூட்டுக் குமிழைத் தேடித் தொட்டு, இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தின.

நிலாவின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.