பதினைந்து விநாடி

முதல் வாரம் வேதாசலம் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் நோட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. காலை 128, மாலை 128, காலை 128, மாலை 128 என்று பத்து நாளும் அவருடைய அழகான கையெழுத்தில் ஒரே எண். அழுதால் ஏறி, தூங்கினால் இறங்க வேண்டிய குழந்தையின் நாடி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒழுங்காக எண்ணுகிறவன் எண்ணினால் ஒழுங்காகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு நோட்டை மூடினார்.

நாச்சாரத்தில் இருந்த அரசாங்க மீட்டர் ஃபேக்டரியில் அவர் இன்ஸ்பெக்டர். நூறு மீட்டர் வந்தால் ஐந்தை எடுத்துப் பார்ப்பார். ஐந்தும் சரியாக இருந்தால் நூற்றுக்கும் முத்திரை விழும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவருடைய ஷூ சத்தம் கேட்டதும் மெஷின்கள் மும்முரமாக ஓடும், அவர் முதுகைத் திருப்பியதும் நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். சோம்பேறிப் பயல்கள். அவருக்குக் காட்டிய ஐந்து சரியாக இருந்தால் போதாதா?

குழந்தை பிறந்து நாற்பது நாள். இதயத்தில் ஓட்டை. ஐந்து கிலோ எடை வந்தால் மெட்ராஸில் ஆபரேஷன் செய்துவிடலாம், அதுவரை காலையும் மாலையும் சொட்டு மருந்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வேளையும் மருந்துக்கு முன்னால் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். நூற்றுக்குக் குறைந்தால் மருந்து கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். மீசை சரியாக முளைக்காத அந்த டாக்டர் இதைத் தெலுங்கில் மூன்று தடவை சொன்னான், யாரோ கூலிக்காரனுக்குச் சொல்வது போல. முழு நிமிஷமெல்லாம் படிக்காதவர்களுக்கு. வேதாசலம் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினார்.

பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. பாமா கேட்டபோது, "பாஸ் ஆகாத சரக்குக்கு லேபிள் ஒட்டறதில்ல" என்றார். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை. அவளுக்கு எதுதான் புரிந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி. மே மாத வெயிலில் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. கூலரின் வெட்டிவேர் வாசனையும் காலையில் போட்ட சாம்பிராணியின் மிச்சமும் அறையில் கலந்திருக்க, தூளி கட்டிய கயிறு உத்தரத்தில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. பாமா குழந்தையின் மார்பில் கை வைத்து உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி டிஸ்பென்சரியில் கட்டுப் போடும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி கற்றுக்கொடுத்த வித்தை.

"என்னங்க, எழுபத்திநாலுதான் வருது. நடுநடுவுல நின்னு நின்னு போகுது."

"உனக்கு நூறு வரைக்கும் தப்பில்லாம எண்ணத் தெரியுமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு விரலை வைத்தார். பட்பட்டென்று சுறுசுறுப்பாகத் துடித்தது. முப்பத்திரண்டு. "நூத்தி இருபத்தெட்டு. போய் வேலையப் பாரு."

பாமா நகரவில்லை. "நீங்க கை வெச்சா மட்டும் ஓடுது. எனக்கு பயமா இருக்குங்க." பிறகு, கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் அனுமதியைக் கேட்காமல் செருப்பை மாட்டினாள். "மேரியக்காவோட போயி டிஸ்பென்சரி வண்டியக் கூட்டிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் மருந்து குடுக்காதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

அவள் போனதும் வேதாசலம் மருந்து கொடுத்தார். அளந்து, ஒரு துளி சிந்தாமல். குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது.

வண்டி வரட்டும். ஊரைக் கூட்டுகிறாளே, அந்த மேரி முன்னாலேயே முழு நிமிஷக் கணக்கைக் காட்டி இரண்டு பேர் முகத்திலும் கரி பூச வேண்டும். நோட்டைத் திறந்து வைத்து, விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்தாவது விநாடியில் முப்பத்திரண்டு.

பதினாறு. பதினேழு.

விரலுக்கடியில் ஒன்றுமில்லை.

கொஞ்சம் அழுத்தினார். இருபத்தைந்து. முப்பது. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. கூலர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது. குழந்தையின் கண் திறந்திருந்தது. அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, பொறுமையாக. அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம். ஃபேக்டரியில் ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் இருக்கும். இந்த ஆள் எப்போது நகர்வான்?

ஐம்பத்தைந்து. அறுபது.

விரலை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

பட்பட்டென்று துடித்தது. முப்பத்திரண்டு. நின்றது.

எடுத்தார். வைத்தார். முப்பத்திரண்டு. நின்றது.

பதினோரு நாள். இருபத்திரண்டு வேளை. ஒவ்வொன்றுக்கும் முத்திரை போட்டு மருந்து புகட்டியது அவர்தான். இந்தக் கையால்தான்.

கையைத் திரும்ப எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்காமலிருக்க அதைவிடப் பயமாக இருந்தது. எடுத்தார், வைத்தார். ஓடும்மா. இன்னும் கொஞ்சம். வண்டி வந்துவிடும். எடுத்தார், வைத்தார். மூடியிருந்த ஜன்னல் இடுக்கில் வெயில் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தார். பெயர் இல்லை.

வாசலில் வண்டி நின்றது. "டிரைவரத் தேடிப் புடிக்க இவ்வளவு நேரமாயிடுச்சுங்க" என்றபடி பாமா ஓடிவந்தாள். ஆரோக்கியமேரி அவரைத் தள்ளாத குறையாகக் குனிந்து குழந்தையின் கழுத்தைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள், விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. அவள் குரல் இறங்கிப்போனது.

"சார், கைய எடுங்க. இது மதியமே போயிருக்கும். கட்டையாயிடுச்சு."

பாமா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

வேதாசலம் கையை எடுத்தார். மேரி துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். அவர் துணிக்கு மேலேயே மறுபடி இரண்டு விரலை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

அடியில் பட்பட்டென்று தொடங்கியது. சுறுசுறுப்பாக. ஒழுங்காக.